ஷூக்காலோடு ஒரு கலகக்காரன்

அந்தக் கோடையில் டோக்கியோவில் எந்த ஸ்டுடியோவுக்குப் போனாலும் அப்பனை எதிர்க்கும் பிள்ளைகளின் கதைதான். போரில் தோற்றுப் பதினொரு வருஷம். பெரியவர்கள் பேச்சை ஏன் கேட்க வேண்டும் என்று இளசுகள் திமிறிய காலம். எனக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை. நான் செட்டில் பாய் விரிக்கிறவன். என் பாய் சுத்தமாக இருந்தால் போதும்.

கதாநாயகன் செகாவா புதுமுகம். பூப்போட்ட சட்டை, கறுப்புக் கண்ணாடி, அசல் ரவுடி. கதவைத் தள்ளிக்கொண்டு ஷூவோடு பாயில் ஏறி, அப்பாவிடம் “வாயை மூடு!” என்று கத்த வேண்டும். அவ்வளவுதான் காட்சி.

முதல் டேக்கில் கதவைப் படீரென்று தள்ளினான். ஷூவைக் கழற்றினான். அதோடு விட்டானா? குனிந்து, இரண்டையும் வாசலைப் பார்த்துத் திருப்பி, ஜோடி சேர்த்து வைத்துவிட்டு வந்து கத்தினான். லைட்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டாவது டேக்கிலும் அதே கூத்து. மூன்றாவதில் ஷூவோடு ஏறினான்; ஏறும்போதே “மன்னிச்சுக்குங்க” என்று முனகித் தொலைத்தான்.

டைரக்டர் நிஷிவாக்கி தொப்பியைத் தரையில் அடித்தார். “டேய், நீ ரவுடியா, பொண்ணு பார்க்க வந்தவனா? இன்னும் ஒரே டேக். சொதப்பினா நாளைக்கு வேற பையன்.”

செகாவா என்னிடம் ஓடிவந்தான். “அண்ணே, நான்தான் ஹீரோன்னு எங்கம்மா ஊர் பூரா சொல்லிட்டாங்க. இந்தக் கால் பேச்சைக் கேக்க மாட்டேங்குதே!”

“என் பாயை எதிரின்னு நினைச்சு மிதிடா, தம்பி,” என்றேன். எனக்கே பாவமாக இருந்தது.

நாலாவது டேக். அப்பாவாக நடிப்பவர் உட்கார்ந்திருந்த பக்கம், கேமராவில் படாமல் நான் நின்றேன். கதவு படீர். நேராக ஏறினான். என் புதுப் பாயில், ஈர மண் ஒட்டிய ஷூவோடு!

“டேய்! ஷூவைக் கழட்டுடா!”

கத்தியது நான்தான். சத்தியமாக, வாய் தானாகத் திறந்துகொண்டது.

செகாவா வெடுக்கென்று என் பக்கம் திரும்பினான். அத்தனை டேக் அவமானமும் கண்ணில் எரிந்தது. “வாயை மூடு, கிழவா!”



“கட்!” என்றார் நிஷிவாக்கி. “இந்த மூஞ்சியத்தான்டா காலையிலேர்ந்து கேட்டேன். ஓகே! டப்பிங்ல அண்ணன் குரலை அப்பா குரலா மாத்திக்கலாம்.”

அடுத்த நொடி செகாவா ஷூவைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் முன்னால் மண்டியிட்டான். “அண்ணே, அண்ணே” என்று அரற்றினான்.

படம் வந்ததும் முதல் நாளே போனேன். அந்த முகம் திரையை நிறைத்தபோது பையன்கள் எழுந்து நின்று விசிலடித்தார்கள். திட்டு வாங்கியவன் நான். எல்லோரையும் விடச் சத்தமாக நான்தான் அடித்தேன்.