பதினோராவது தலை

குழியை மூடியாயிற்று. மண்வெட்டிகளை ஓரமாகச் சாய்த்தும் வைத்தாயிற்று. ஆனால் செத்தவருக்காக யூதர்கள் சொல்லும் காடிஷ் ஜெபத்தை ஆரம்பிக்க முடியவில்லை. பத்து ஆண்கள் இருந்தால்தான் காடிஷ். பத்தாவது ஆளான ஃபிஷல் தாமதமாக வந்து, கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே காவலாளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"உள்ள பத்துப் பேர் இருக்காங்க, எண்ணிட்டேன். அதுக்கு மேல ஒரு தலை கூடாது, கொரோனாவுக்கு கவர்மென்ட் போட்ட உத்தரவு" என்றார் காவலாளி ரெழான்.

ஒன்பது ஆண்களும் திரும்பி ரெய்சலைப் பார்த்தார்கள். செத்தவரின் ஒரே பிள்ளை அவள். கவர்மென்ட் கணக்கில் அவளும் ஒரு தலை. காடிஷ் கணக்கில் சேர்த்தியே இல்லை.

பெரியப்பா மகன் லீபா மெல்லப் பக்கத்தில் வந்தான். காடிஷ் சொல்லப்போவது அவன்தான். "கோச்சுக்காத ரெய்சல். நீ கார்ல போய் உக்காரு. ரெண்டு நிமிஷ வேலை."

"ஆசுபத்திரி ஜன்னலுக்கு வெளிய நின்னு நின்னு என் காலே மரத்துப்போச்சுண்ணா. அப்பா கையப் பிடிக்க விட்டாங்களா? இப்பவும் வெளிய போன்னா எப்படி?"

"சட்டம் நான் போட்டதா?"

கிழவர் யூடல் தொண்டையைச் செருமினார். "வேணும்னா நான் வெளிய போறேன், அவ இருக்கட்டும்."

"நீங்க போயிட்டு ஃபிஷல் வந்தா மறுபடி ஒம்போது ஆம்பளதானே?" என்றான் லீபா.

"அட, ஆமால்ல."

"ரப்பியக் கேட்டுடலாம்" என்று லீபா போனை எடுத்தான். அந்த வசந்தத்தில் மாண்ட்ரியலில் எந்த மதகுருவின் போன் சும்மா இருந்தது? மறுபடி மறுபடி அடித்துப் பார்த்தான். பிஸி.

ரெய்சலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலிக் கம்பிகளுக்கு நடுவே குளிரில் சிவந்திருந்த ஃபிஷலின் மூக்கைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"அண்ணா, ஜெபக்கூடத்தைப் பூட்டினதுலேர்ந்து நம்ம தெருவுல எப்படி ஜெபம் நடக்குது?"

"அவனவன் பால்கனியில நின்னு."

"ஃபிஷல் எங்க நிப்பான்?"

"மூணாவது மாடி இரும்புப் படியில. அதுக்கென்ன இப்போ?"

"'ஃபிஷல், மூஞ்சியக் காட்டு'ன்னு தெனம் கீழேர்ந்து கத்துறது யாரு? மூஞ்சி தெரிஞ்சா அவனும் பத்துல ஒருத்தன்னு சொன்னது யாரு?"

லீபா தாடியைச் சொறிந்தான். "அது பால்கனி. கல்லறையில அப்படியெல்லாம் யாரும் செஞ்சதில்ல."

"பால்கனியில மட்டும் போன வருஷம் செஞ்சாங்களா?"

"அவ சொல்றது சரிடா" என்றார் யூடல். "ஆரம்பி. எனக்கு முட்டி வலிக்குது."

லீபா வேண்டாவெறுப்பாக வேலிப் பக்கம் திரும்பினான். "ஃபிஷல், மூஞ்சியக் காட்டு."

ஃபிஷல் மாஸ்க்கை இறக்கினான்.

"மாஸ்க்கைப் போடு" என்றார் ரெழான்.

"மூஞ்சி தெரியணும்யா" என்றான் ஃபிஷல்.

"போடு."

"போட்டுக்கடா" என்றார் யூடல். "கண்ணு தெரியுதுல்ல, போதும்."

லீபா ஆரம்பித்தான். இந்த நேரத்தில் அழுகை வரும் என்று ரெய்சல் நினைத்திருந்தாள். வரவில்லை. முதல் 'ஆமென்' வந்தபோது ஒன்பது ஆண்களின் குரலையும் தாண்டி, சண்டைக்கு நடுவில் பதில் சொல்பவளைப் போல அவள் குரல்தான் எழுந்தது. லீபா ஒரு கணம் நிறுத்தினான்.

"சொல்லுங்கண்ணா" என்றாள். "நான் எங்கயும் போகல."