மொட்டை மாடியில் இரண்டு முறங்கள்

1

இந்தக் கதை எனக்கு ஷேர் ஆட்டோவில் கிடைத்தது. திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லி போகும் வண்டி. ஆறு பேர் உட்காரும் இடத்தில் ஒன்பதாவது ஆளாக என்னைச் செருகினார்கள். பக்கத்தில் இருந்தவர் மடியில் ஒரு துணிப்பையைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டிருந்தார். மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தில் வண்டி ஒரு குதி குதித்ததில், பையிலிருந்து கறுப்பு உருண்டைகள் நாலைந்து என் மடியில் விழுந்தன. மிளகு என்று நினைத்துப் பொறுக்கிக் கொடுத்தேன்.

"முயல் புழுக்கை சார். ரோசாச் செடி வச்சிக்கிறியா?"

வைத்திருக்கிறேன் என்றேன்.* ஒரு கைப்பிடி அள்ளித் தாளில் மடித்துக் கொடுத்தார். வண்டி நெரிசலில் நின்ற நாற்பது நிமிடத்தில் கதையையும் சொன்னார். முடிவு வருவதற்குள் அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது.

(* பொய். என் பால்கனியில் இருப்பது ஒரு துளசியும் ஒரு காலித் தொட்டியும். அதில் ரோஜா வைக்கும் எண்ணம் ஐந்து வருடமாக இருக்கிறது.)

2

தொடக்கம், முதல் முயற்சி: பருத்திப்பட்டு ஏரியின் மேல் அந்திச் சூரியன் தன் செந்நிறக் கதிர்களை —

புழுக்கைக் கதைக்கு ஏரி எதற்கு.

இரண்டாம் முயற்சி: மனிதன் இயற்கையை விட்டு விலகிய நாளில்தான் கழிவு என்கிற கருத்தாக்கமே —

இதை எழுதும்போது முதுகு தானாக நிமிர்ந்தது. அடித்துவிட்டேன்.

மூன்றாம் முயற்சி: அப்பாவு வீட்டின் இரண்டு முயல்களும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டு புழுக்கை போட்டன. எண்ணியது அவர் மகள் பவித்ரா. ஆறாம் வகுப்பு.

இது இருக்கட்டும்.

3

அப்பாவு, அதாவது ஆட்டோவில் என் பக்கத்தில் இருந்தவர் (பெயர் நான் வைத்தது, ஆட்டோக்காரரின் சத்தத்தில் உண்மைப் பெயர் கேட்கவில்லை) அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர். நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் விரலால் தடவியே சொல்லிவிடுவார். அந்தத் துல்லியம் புழுக்கை விஷயத்தில் உதவவில்லை. முதலில் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். வைக்கோலும் சேர்ந்து போய்க் கீழ்வீடு வரைக்கும் அடைத்துக்கொண்டது. பிறகு பாலிதீன் பையில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டார். வண்டிக்கார அம்மா பையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "உள்ள இருக்கிறது மக்கும், வெளிய இருக்கிறது மக்காது. நான் இத்த எந்தத் தொட்டில போடறது, சொல்லு நைனா" என்றார். நியாயமான கேள்வி.

இதற்குள் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் நாற்றம் பற்றிப் பதினேழு செய்திகள். சங்கச் செயலாளர் ஜெகதாம்பாள் எதிர்வீடு. கதவைத் தட்டினார்.

"இன்னா அப்பாவு, எல்லாரும் நாறுதுன்றாங்களே."

"உனுக்கு நாறுதாக்கா?"

ஜெகதாம்பாள் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனுக்கு இன்னா தெரியும். ஆனா நான் செக்ரட்டரி. எனுக்கும் நாறித்தான் ஆவணும்."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு ஜெகதாம்பாளுக்கு வாசனை தெரியாது. பெற்ற பிள்ளை கிரணுக்குக்கூடச் சொல்லவில்லை. பயந்து வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வான் என்று. தெரிந்த ஒரே ஆள் அப்பாவு. தினமும் காலையில் பால் பாத்திரம் எதிர்வீட்டு வாசலுக்கு வரும். "மோந்து பாரு." அப்பாவு மோந்து, "நல்லா கீதுக்கா" என்பார். அதன் பிறகுதான் அந்த வீட்டில் காபி.

4

"ரெண்டு வாரம் டைம். அதுக்குள்ள ஒரு வழி பண்ணலேன்னா முயலு வேற ஊடு பாத்துக்கட்டும்" என்று ஜெகதாம்பாள் தீர்ப்புச் சொன்னார். அன்று பவித்ரா சாப்பிடவில்லை. முயல்களுக்கு மட்டும் முள்ளங்கிக் கீரை போட்டாள்.

அப்பாவு பூந்தமல்லியில் செடி விற்கும் ஹபிபுல்லாவிடம் போனார்.

"இதுக்கா மூஞ்சிய தொங்கப் போட்டுகினு வந்த அண்ணாத்தே? கோழிக் கழிவுதான் சூடு. வேரப் பொசுக்கிடும். முயலுது அப்படியில்ல, நேரா செடிக்கே போடலாம். மூத்திரத்துல நனைஞ்ச பேப்பரு, வைக்கோலு, அதான் நாறும். அத்த மட்டும் ஓட்டை போட்ட டிரம்முல, காஞ்ச சருகு ஒரு கூடை, இது ஒரு கூடைன்னு அடுக்கு. புழுக்கைய வெயில்ல காயவச்சி எடுத்து வை. அவ்ளோதான்."

(கட்டுரைப் பகுதி இதோடு முடிந்தது. முயல் வளர்க்கிறவர்கள் இதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு இங்கேயே கிளம்பலாம். உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் வேலை இருக்கிறது.)

டிரம் வந்தது, நாற்றம் போனது. காயவைக்க முறம் வேண்டுமே. ஜெகதாம்பாளே கொடுத்தார், திருவேற்காடு கோயில் வாசலில் ஜோடியாக வாங்கிய பச்சைப் பிளாஸ்டிக் முறங்களில் ஒன்று. இன்னொன்றில் அவர் மொட்டை மாடியில் காயவைத்திருந்தது மணத்தக்காளி வற்றல்.

5

தெரியும். நீங்கள் இப்போதே சிரிக்கிறீர்கள். கறுப்பு, உருண்டை, வெயிலில் சுருங்கியது. இந்தக் கதை எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. வற்றலுக்குப் பதிலாக வடாம் என்று மாற்றிப் பார்த்தேன். வெள்ளையாக இருந்து தொலைத்தது. ஆட்டோவில் சொன்னவர் சொன்னது இதைத்தான். கதையில் தரம் குறைவாக இருந்தால் வாழ்க்கையைக் கேளுங்கள்.

6

செவ்வாய்க்கிழமை திடீரென்று மழை. அப்பாவுதான் ஓடிப்போய் இரண்டு முறங்களையும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தள்ளினார். இடது பக்கம் அக்காவுடையது, வலது பக்கம் தன்னுடையது. மறுநாள் தொட்டியின் அந்தப் பக்கத்திலிருந்து குனிந்து எடுத்தார். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இடது வலதாகிவிடும் என்பது லேத்தில் இருபத்திரண்டு வருடம் நின்றவருக்குத் தோன்றவில்லை.

இடது முறத்தை அக்காவிடம் கொடுத்துவிட்டு, வலது முறத்தில் இருந்ததைக் குடியிருப்பு வாசலின் பன்னிரண்டு ரோஜாத் தொட்டிகளிலும் பெருமையாகத் தூவினார். முயல் எரு எப்படி வேலை செய்கிறது என்று எல்லோரும் பார்க்கட்டும்.

எல்லோரும் பார்த்தார்கள். பத்தே நாளில் இலையெல்லாம் ஓரம் கருகி உதிர்ந்தது. வாட்ஸாப்பில் முப்பத்தோரு செய்திகள். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கூட்டம். முயல்களை அனுப்புவது ஒன்றே பொருள்.

(முதலில் இந்த இடத்தில், தொட்டியெல்லாம் மணத்தக்காளி முளைத்து, அதைப் பார்த்துச் சங்கமே நெகிழ்ந்து — என்று எழுதியிருந்தேன். என் மனைவி வனஜா படித்துவிட்டு, "உப்பு மோர்ல ஊறப்போட்ட வத்தல் எப்பிடி மொளைக்கும்? சமையல்கட்டுப் பக்கம் வந்திருந்தா தெரியும்" என்றாள். நெகிழ்ச்சி ரத்து.)

7

ஞாயிறு காலை பதினொன்றரை. அப்பாவு கருகிய தொட்டியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பவித்ரா பக்கத்தில்.

"நைனா, பத்து நாளா தண்ணி ஊத்தறோம். இது ஏன் இன்னும் கரையாம கீது?"

அப்பாவு ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்தார். உள்ளே மணல் மாதிரி விதைகள். முயல் புழுக்கைக்குள் விதை கிடையாது. பிறகு ஒரு தகப்பன் தன் பிள்ளைக்காக மட்டுமே செய்யக்கூடிய காரியத்தைச் செய்தார். நாக்கு நுனியில் வைத்தார்.

உப்பு.

எருவில் குற்றமில்லை. உப்புதான் செடியைக் கருக்கியது. முயல்கள் தப்பித்தன. "பவி," என்று எழுந்தவர், பாதியில் அப்படியே நின்றார். இது வற்றல் என்றால், அது எங்கே?

அது ஜெகதாம்பாள் வீட்டுக் கண்ணாடி ஜாடியில், பத்து நாளாக, இந்த நாளுக்காகவே காத்திருந்தது. இன்று கிரணுக்குப் பெண் கொடுக்கும் சம்பந்தி வீட்டார் முதல் முறையாகச் சாப்பிட வருகிறார்கள். பெண்ணின் அப்பாவுக்கு வற்றல்குழம்பு என்றால் உயிர்.

8

முடிவு, அ: அப்பாவு ஓடிப்போய் எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறார். குழம்பும் முயலும் பிழைக்கின்றன. ஆனால் ஜாடியைத் திறந்து மூடியவருக்கு வாசனை ஏன் தெரியவில்லை என்று சம்பந்தி வீட்டார் முன்னால் யாராவது கேட்பார்கள். கிரண் கேட்பான்.

முடிவு, ஆ: ஜாடியில் கரப்பான் விழுந்ததைப் பார்த்தேன் என்று ஒரு பொய். குழம்பு பிழைக்கும், அக்காவின் ரகசியம் பிழைக்கும். ரோஜாவைக் கொன்றது முயல் எரு என்பது அப்படியே நிற்கும். ஐந்து மணிக்குக் கூட்டம்.

முடிவு, இ: முயல் கூண்டிலிருந்து தப்பி, நடுவீட்டில் ஓடி, ஜாடியைத் தட்டி —

கதைகளில் முயல்கள் எப்போதும் எழுத்தாளர் சிக்கிக்கொள்ளும்போதுதான் தப்பிக்கின்றன. இவை தப்பவில்லை. கீரை தின்றுகொண்டிருந்தன.

9

ஆட்டோவில் அவர் சொன்னது இதுவரைதான்:

இரண்டு இரண்டு படியாக ஏறினார். பின்னால் பவித்ரா. ஜெகதாம்பாள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. கூடத்தில் சம்பந்தி வீட்டார், கிரண், புது ஜமுக்காளம். நல்லெண்ணெய் காயும் வாசனை. தட்டுவதற்குள் ஜெகதாம்பாளே ஜாடியும் கையுமாக வெளியே வந்தார். பட்டுப்புடவை. கண்ணில் அவரைப் பார்த்த நிம்மதி.

"வந்துட்டியா. உன்னத்தான் கூப்ட வந்தேன்." குரலைத் தாழ்த்தி, மூடியைத் திறந்து, ஜாடியை அப்பாவுவின் மூக்குக்கு நேராக நீட்டினார். "மழைல நனைஞ்ச வத்தலு. மோந்து பாரு. நீ சொன்னாத்தான் எண்ணெயில போடுவேன்."

"மேல்மாநகர், மேல்மாநகர்" என்று ஓட்டுநர் கூவினார். கதை சொன்னவர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

10

அவர் இறங்கிய பிறகுதான் கேட்கத் தோன்றியது: பையில் இருந்தது பழைய சரக்கா, புதிதா? புதிதென்றால் முயல்கள் இன்னும் அந்த வீட்டில் இருக்கின்றன. அப்படியானால் குழம்பு, ரகசியம், முயல் மூன்றையும் காப்பாற்றும் ஏதோ ஒரு நல்ல வார்த்தையை அவர் கண்டுபிடித்துவிட்டார். அந்த வார்த்தை எனக்கு ஒன்பது வரைவிலும் கிடைக்கவில்லை.

காகிதப் பொட்டலம் மேஜை மேல் பிரித்தபடி இருக்கிறது. குனிந்தால் பச்சைப் புல் வாசனை லேசாக அடிக்கிறது. புழுக்கையிலிருந்து வருகிறதா, என் ஆசையிலிருந்து வருகிறதா என்று சொல்ல முடியவில்லை. இந்த விஷயத்தில் என் மூக்கை நம்ப முடியாது.

இந்தாருங்கள். நீங்கள் மோந்து பார்த்துச் சொல்லுங்கள்.