ரூபஸ் பெயரில் ஒரு பெஞ்சு

எங்கள் தெரு அழகாகிவிட்டது. ஆவடி ஸ்டேஷனை ஒட்டிய அறுபது கடைக்காரர்கள் சேர்ந்து செய்தோம். ஒரே நீலத்தில் பெயர்ப்பலகைகள், செடித்தொட்டிகள், நடப்பவர்கள் உட்கார ஐந்து கிரானைட் பெஞ்சுகள். அதில் ஒன்றை என் கடை வாசலுக்கு நானே கேட்டு வாங்கினேன். 'ரூபஸ் நினைவாக' என்று இறந்துபோன என் கணவர் பெயரைச் செதுக்கச் சொன்னதும் நான்தான்.

நான் விற்பது பெண்களின் உள்ளாடை.

மறுநாளே ஆண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஓய்வுபெற்றவர்கள், மனைவிக்காகக் காத்திருப்பவர்கள். கெட்டவர்கள் இல்லை. நான் கடை திறக்கும்போது எழுந்து வழிவிடுவார்கள். "ரூபஸ் சார் புண்ணியத்துல கால நீட்டி உக்கார்றோம்மா" என்பார் ஒருவர். அதற்குப் பிறகு எப்படிக் கோபப்படுவது?

பெண்கள் கடைக்கு எதிரே வரைக்கும் வருவார்கள். பெஞ்சைப் பார்ப்பார்கள். வேறெங்கோ போகிறவர்கள்போல நடையை மாற்றிக்கொள்வார்கள். பருத்திப்பட்டிலிருந்து பத்து வருடமாக வரும் கலைவாணி டீச்சர் போன் செய்தாள். "கொரியர்ல அனுப்புவீங்களாக்கா? அத்தன பேரு முன்னாடி பையோட வெளிய வரணும்னா கூச்சமா இருக்கு."

ரூபஸ்கூட என் கடைக்குள் வந்ததே இல்லை. சாப்பிடக் கூப்பிடவும் ரோட்டில் நின்று இருமுவார். அவரையே வாசலில் உட்கார வைத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

கடைக்காரர்கள் சங்கக் கூட்டம் நடேசன் அண்ணன் பாத்திரக்கடை மாடியில். செல்போன் கடை அபிஷேக் சிரித்தான். "என் வாசல் பெஞ்சுல காக்கா கூட குந்த மாட்டேங்குது மாமே. மேரியக்கா பெஞ்சு எப்பவும் ஹவுஸ்ஃபுல்!"

"அத வேற பக்கம் மாத்தலாமாண்ணே?" என்றேன்.

"ஏம்மா, எவனாவது வம்பு பண்றானா? சொல்லு, தொரத்திடலாம்" என்றார் நடேசன்.

"யாரும் ஒண்ணும் பண்ணல."

"அப்பொறம் இன்னா?"

பதினோரு ஆண்கள் என்னையே பார்த்தார்கள். கல்லாவில் நின்று ஒரு நாளைக்கு நூறு முறை சொல்கிற வார்த்தை. இங்கே நாக்கில் ஏறவில்லை. "பொம்பளைங்க வர்ற கடை" என்றேன்.

"அவங்களும் குந்தட்டும், யாரு வேணான்னது?" என்றார் இன்னொரு கடைக்காரர் நாகப்பன். எல்லோரும் சிரித்தார்கள். நடேசன் மட்டும் குரலைத் தாழ்த்தினார். "செத்த மனுசன் பேரு போட்ட கல்லு. பேத்தெடுத்தா நல்லாவா இருக்கும், மேரி?"

இல்லை என்று தலையாட்டினேன்.

இன்று பன்னிரண்டு மணிவரை ஒரு பெண்ணும் வரவில்லை. வெளியே போய் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தேன். இருந்தவர்கள் பதறி எழுந்தார்கள். "நீ குந்தும்மா" என்று எதிர் டீக்கடைக்குப் போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். காலி இடங்களையும் என்னையும் பார்த்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனாள்.

"கடைல யாரும் இல்லையா?"

பாதி எழுந்தேன். எதிரே ஒருவர் டீ கிளாஸை வைத்துவிட்டு இந்தப் பக்கம் காலெடுத்து வைத்தார். மறுபடி உட்கார்ந்தேன்.

"நான்தாம்மா கடைக்காரி. என்ன வேணும்?"

 வேண்டியதை அவள் உள்ளிருந்து தெருவுக்குக் கேட்கும்படி கத்த வேண்டும். எந்தத் தட்டில் இருக்கிறது என்று நானும் கத்த வேண்டும். டீக்கடையில் ஆறு பேர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணுமில்லக்கா" என்று வெளியே வந்தாள்.

"நாளைக்கு வாம்மா" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போனாள். நான் எழவில்லை.