ஒருபோதும் நிற்காது

உலகில் தோன்றியவை யாவும் ஒருநாள் நின்றே தீரும். நில்லாதவை இந்த மாடியில் இருக்கும் இரண்டு சர்வர்கள் மட்டுமே. ஐந்து மாதங்களுக்கு முன் திறப்பு விழாவில் மேலாளர் இப்படித்தான் முழங்கினார். இன்று மதியம் ஒன்று பத்துக்கு அவை இரண்டும் நின்றன. அன்று கைதட்டியவர்களில் பாதிப் பேர் சாப்பிடப் போயிருந்ததால் உடனே யாருக்கும் தெரியவில்லை.

புள்ளிக்குத் தெரிந்தது. சர்வர்களைப் பார்த்துக்கொள்பவன் அவன். "தொண்ணூத்தொம்பது புள்ளி ஒம்பது ஒம்பது ஒம்பது சதவீதம் நிக்காது" என்று பார்த்தவரிடமெல்லாம் ஒப்பித்ததில் வந்த பெயர். பின்னால் பெரிய புள்ளியாக வருவான் என்று நம்பியது அவன் அக்கா ஒருத்திதான்.

அந்த அக்காதான் இப்போது போனில்.

"டேய், ஆஸ்பத்திரில ஸ்கேன் ரிப்போர்ட் கம்ப்யூட்டர்ல வரலங்கறாங்க. உங்க சர்வர் படுத்துடுச்சாமே?"

"பத்து நிமிஷம்க்கா."

"மூணு மணிக்குள்ள ரிப்போர்ட்டைப் பாக்கலன்னா டாக்டர் ஆபரேஷனைத் தள்ளி வச்சுடுவாராம். அப்புறம் மூணு வாரம் கழிச்சுதான். உங்க அத்தான்கிட்ட உன் சர்வர்னு நான் சொல்லல. சொன்னா எந்திரிச்சு அங்க வந்து நிப்பார்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வலி தாங்கலடா அவருக்கு. சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டு அழறார்."

மணி ஒன்று ஐம்பது. 

மூத்தது, இளையது என்று அவன் பெயர் வைத்திருந்த சர்வர்கள் அடுத்தடுத்த அறைகளில் இருந்தன. இடையில் ஓடும் கேபிள் வழியாக நொடிக்கு ஒருமுறை "இருக்கிறாயா?" என்று ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும். பதில் வராவிட்டால் மற்றது செத்ததாக முடிவுகட்டி, அதற்குப் போகும் மின்சாரத்தைச் சில நொடி துண்டித்துவிட்டு, வேலையைத் தான் எடுத்துக்கொள்ளும். நடந்ததையெல்லாம் சர்வர்கள் எழுதிவைக்கும் லாகைத் திறந்தான். "இளையது இறந்துவிட்டது. துண்டிக்கிறேன்" என்று மூத்தது எழுதியிருந்தது. அதே நொடியில் இளையதும் மூத்ததற்கு இரங்கல் எழுதியிருந்தது.

துண்டிக்கப்பட்ட இரண்டும் மறுபடி எழுந்தன. ஆனால் எழுந்த சர்வர் மற்றதைக் காணாமல் தனியே வேலை தொடங்கக் கூடாது என்று, அவை நடந்துகொள்ள வேண்டிய முறையைச் சொல்லும் கான்ஃபிக் கோப்பில் ஒரு விதி. "காத்திருக்கிறேன்" என்றது மூத்தது. "காத்திருக்கிறேன்" என்றது இளையது. முறைத்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி, யார் முதலில் கூப்பிடுவது என்று நாற்பது நிமிடமாக உட்கார்ந்திருந்தன.

மேலாளர் வந்தார். கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"சார், அந்த ஒரு விதியை எடுத்துட்டா ஒண்ணாவது ஓடும்."

"கோப்பைப் பூட்டி வச்சதே நீங்கல்லாம் கை வைக்கக் கூடாதுன்னுதான். மாற்றம் வேணும்னா குழு கூடணும். குழு வியாழக்கிழமை."

"இன்னைக்குத் திங்கள் சார்!"

"அதனாலதான் யோசிக்க நேரம் இருக்கு."

படிக்கலாம், மாற்றக் கூடாது. புள்ளி நானூற்றுப் பன்னிரண்டு வரிகளையும் மூன்று முறை படித்தான். ஒரு குற்றமும் இல்லை. அக்கா இருமுறை கூப்பிட்டாள். எடுக்கத் தைரியம் வரவில்லை. இரண்டு பத்து. இரண்டு இருபத்தைந்து. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு கட்டத்தில் மூத்ததன் முன் நின்று, "கொஞ்சம் விட்டுக்குடேன்" என்று வாய்விட்டே கெஞ்சினான்.

அப்போதுதான் வடிகட்டி நினைவுக்கு வந்தது. நச்சரிக்கும் எச்சரிக்கைகள் கண்ணில் படாதபடி லாகுக்கு அவனே ஒரு வடிகட்டி போட்டிருந்தான். அதை எடுத்தான். திரை பொலபொலவென்று நிரம்பியது. "இரண்டாவது கேபிள் இல்லை." நிமிடத்துக்கு ஒரு வரி, ஐந்து மாதமாக. இன்று 1.10க்கு மட்டும் புதிதாக ஒன்று: "முதல் கேபிளும் இல்லை."

முதலாவது சுவருக்குள் ஓடுவது. அதை இன்றைக்குள் தோண்டி எடுக்க முடியாது. அப்படி ஒருநாள் வந்தால் உதவத்தானே இரண்டாவது? அது எங்கே போனது? முதல் எச்சரிக்கையின் தேதியைப் பார்த்தான். திறப்பு விழா நாள். காலை ஒன்பது ஐம்பது.

 நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினான்.

கூடத்தின் குறுக்கே, 'ஒருபோதும் நிற்காது' என்ற பேனர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. இடது பக்கம் கயிறு. வலது பக்கம் நீல நிறத்தில், தூணை நாலு சுற்றுச் சுற்றிய பன்னிரண்டு மீட்டர் கேபிள்.

முடிச்சு இறுகிப்போயிருந்தது. நகம் பிய்ந்தது. கடைசியில் பல்லால் கடித்து இழுத்தான். பேனர் சரிந்து, கீழே தலைமை அலுவலகத்தோடு போனில் பேசிக்கொண்டிருந்த மேலாளரை முழுதாக மூடியது. உள்ளிருந்து, "எல்லாம் கட்டுக்குள்ள இருக்கு சார்" என்ற குரல் கேட்டது.

இரண்டு ஐம்பத்து நாலுக்குக் கேபிளை இரு அறைகளுக்கும் இடையே மாட்டினான். "இருக்கிறாயா?" என்றது மூத்தது. "இருக்கிறேன்" என்றது இளையது. இரண்டு ஐம்பத்தெட்டுக்கு அக்கா கூப்பிட்டாள்.

"வந்துடுச்சுடா! உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. என் தம்பின்னா தம்பிதான்! என்னடா கோளாறு?"

"பெரிய கோளாறுக்கா. சொன்னா உனக்குப் புரியாது."

மேலாளர் தலையைக் கோதிக்கொண்டே வந்தார். "எந்த அறிவுகெட்டவன்யா கேபிளைப் போய்க் கயிறாக் கட்டினது? விசாரணை வைக்கறேன்."

விசாரணைக்கு அவசியமில்லை. அன்று கயிறு போதவில்லை. விருந்தினர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். இரண்டு கேபிள் இருக்கிறதே, சாயங்காலம் திருப்பி மாட்டிக்கொள்ளலாம் என்று ஒருவன் நினைத்தான். விழாப் படம் வரவேற்பறையில் பெரிதாக மாட்டியிருக்கிறது. அதில் நாற்காலி மேல் ஏறி நின்று முடிச்சுப் போடுபவன் புள்ளி.