வண்டியைத் தொடும் நாள்

ஆரியசாலையில் தாணுமாலையன் முதலாளியின் ஒர்க்‌ஷாப்பில் எனக்கு ஒரு மூலை உண்டு. பெட்ரோமாக்ஸ் விளக்கு, மண்ணெண்ணெய் ஸ்டவ், கேஸ் அடுப்பு எது பழுதானாலும் அங்கே என்னிடம்தான் வரும். வண்டிப் பக்கம் மட்டும் நான் போகக் கூடாது. பெண்பிள்ளை கை வைத்த வண்டியை எவனும் நம்பி ஓட்டமாட்டானாம். ஸ்பேனர் பெட்டியின் சாவி எப்போதும் முதலாளி இடுப்பில்தான். ஆனால் ஆயுதபூஜை வந்தால் வண்டிகளுக்குச் சந்தனம் பூசவும் குங்குமம் வைக்கவும் இந்த வடிவம்மாள் வேண்டும். எழுபத்தெட்டாம் வருஷம் அந்த ஒரு நாளில், ஒன்பது வருஷத்து ஆத்திரத்தையும் சேர்த்துக் குழைத்துக் கண்ணில் பட்ட இரும்புக்கெல்லாம் தாராளமாக அப்பினேன்.

அப்போது எங்களிடம் ஒரு ஜெர்மன்காரனின் வண்டி ரேடியேட்டர் ஒழுக்குக்காக நின்றிருந்தது. உள்ளே கட்டில், அடுப்பு, கேஸ் தீயில் ஓடும் ஃப்ரிட்ஜ் என்று ஒரு குடித்தனமே இருந்தது. பூஜையன்று அவன் ஃப்ரிட்ஜை அணைத்து, வண்டிக்கு வெளியே இருந்த அதன் மூடியைக் கழற்றித் தூசு தட்டியிருந்தான். மறுநாள் காலை ஃப்ரிட்ஜ் பற்றவே இல்லை. அவன் மனைவிக்குச் சர்க்கரை வியாதி. இரண்டு மாதத்து இன்சுலின் அதற்குள் இருந்தது.

முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பாம்பேலேருந்து சாமானம் வரணும். ரெண்டு வாரம் கழியும்."

"நான் பாக்கட்டா மொதலாளி?"

"நீயா? அது வண்டியில உள்ள சாமானமாக்கும் பிள்ளே."

"கேஸும் தீயும்தானே. நாள் முழுக்க நான் அதத்தானே பாக்கேன்."

"நீ தொட்டியானா நாளைக்கு வேலைக்கு வரண்டாம், கேட்டியா."

இந்த வேலை போனால் எனக்கு வேறு சோறு கிடையாது. அந்த ஜெர்மன் அம்மாளோ மருந்துக் குப்பியை ஐஸ் வாளியில் வைப்பதும், உறைந்துவிடுமோ என்று பயந்து எடுப்பதுமாக இருந்தாள். நீரும் உம்ம சட்டமும் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு என் சொந்தப் பையை எடுத்துக்கொண்டு போனேன்.

முதலில் வண்டிக்குள் இருந்த அடுப்பைப் பற்றவைத்தேன். நன்றாக எரிந்தது. அப்படியானால் சிலிண்டரில் குறை இல்லை. அதை அணைத்துவிட்டு ஃப்ரிட்ஜின் குமிழை அழுத்தினேன். பின்புறம் கேஸ் வாடை வந்தது, ஆக குழாயிலும் அடைப்பில்லை. கதவுகளைத் திறந்துபோட்டு வாடை போகும்வரை காத்திருந்தேன். கேஸை மூடியபடியே பொறி போடும் பட்டனை ஜெர்மன்காரனைத் தட்டச் சொல்லிவிட்டு, வெளியே குனிந்து பார்த்தேன். டக் டக் என்று சத்தம் கேட்டது. பொறி மட்டும் இல்லை. தீக்குச்சி எட்டாத பொந்து அது. டார்ச் அடித்தேன்.

பர்னருக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்த சின்னக் கம்பியின் நுனியில் மஞ்சளாக ஒரு கட்டி, நடுவில் சிவப்பு. கம்பிக்கும் பர்னருக்கும் இடையே பொறி தாவ வேண்டிய இடைவெளி முழுக்கச் சந்தனம் காய்ந்து கிடந்தது. பூஜையன்று மூடி திறந்து கிடந்தபோது, மூக்கு மாதிரி இருக்கிறதே என்று அதற்கும் பொட்டு வைத்தவள் நான்தான்.

முதுகுக்குப் பின்னால் முதலாளி நின்றிருந்தார். மறைத்துக்கொண்டு சுரண்டியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் ஒளித்துச் செய்து பெயர் வாங்க எனக்கு என்ன தலையெழுத்து? பெயர்த்தெடுத்த கட்டியை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

"இது நான் வச்ச சந்தனம்."

அவர் முகம் மலர்ந்தது. "பாத்தியா? இதுக்குத்தான் பொம்பள வண்டியத் தொடப்பிடாதுன்னு சொல்லுகது."

"வருசத்துக்கு ஒரு நாள் தொட்டா எது மூக்கு, எது முழின்னு எப்படித் தெரியும் மொதலாளி? நாலு நாள் தொட விட்டிருந்தா இதுல பூசியிருப்பேனா?"

பதிலுக்கு நிற்காமல் நுனியை உப்புத்தாளால் தேய்த்து, ஈரமில்லாமல் துடைத்தேன். குமிழை அழுத்திப் பிடித்துப் பட்டனைத் தட்டினேன். நீலமாகப் பிடித்தது. உடனே விட்டால் அணைந்துவிடும் என்று மனசுக்குள் முப்பது எண்ணிவிட்டுக் கையை எடுத்தேன். தீ நின்றது. அந்த அம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். எனக்கும் கண் நிறைந்தது.

"நாளைக்கு வரண்டாம்னு சொன்னிய," என்றேன் முதலாளியிடம். "எட்டு மணிக்கு வருவேன். வாசல்ல நிக்க அம்பாசடர் கார்புரேட்டர நான்தான் கழட்டுவேன்."

மறுநாள் எட்டு மணிக்குப் போனேன். முதலாளி தலை நிமிராமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஸ்பேனர் பெட்டி திறந்து கிடந்தது.