பிரிஜட் சொன்ன அரைமணி நேரம்

கிளமெண்டியில் ஏழாம் மாடி என்றதுமே ஆம்புலன்ஸ் ஓட்டுநர் கோவிந்தசாமி முனகினார். அந்த பிளாக்கில் லிஃப்ட் ஐந்தாம் மாடியில் நிற்கும். அதை விட்டால் ஒன்பதில்தான். அவரும் தாதி ரஷீதாவும் ஐந்தில் இறங்கி, சாமான்களைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். பக்கத்துச் சாலையில் காலி வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்ததால், அழைப்பு வந்த நான்காவது நிமிடமே வாசலில் நின்றார்கள்.

கூடத்தில் அருளானந்தம் மல்லாந்து கிடந்தார். அறுபது வயதிருக்கும். கைகளில் ஜெபமாலை சுற்றியிருந்தது. தலைமாட்டில் ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது. அவருடைய மனைவி பிரிஜட் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தாள். அவரைவிடப் பதினைந்து வயதாவது இளையவள்.

ரஷீதாவுக்கு அது உறுத்தியது. ஆம்புலன்சைக் கூப்பிட்ட வீட்டில் அலறுவார்கள், நோயாளியை உலுக்குவார்கள், இவள் கையைப் பிடித்து இழுப்பார்கள். இப்படி அலங்கரித்து வைக்க மாட்டார்கள்.

"எப்போ விழுந்தாரு?"

"அரைமணி நேரமாச்சு மிஸ்ஸி. போயிட்டாரு. ஒண்ணும் செய்யாதீங்க."

நாடி நின்று அரைமணி ஆகியிருந்தால் செய்ய ஒன்றுமில்லை, துணியால் மூடிவிடலாம். ஐந்து நிமிடம்தான் என்றால் போராடியே ஆகவேண்டும். ரஷீதாவின் வேலையே அந்த ஓர் எண்ணில் இருந்தது. அதையும் வீட்டார் வாயிலிருந்துதான் வாங்கவேண்டும்.

கழுத்தில் விரல் வைத்தாள். துடிப்பு இல்லை. ஆனால் தோல் சூடாக இருந்தது, தாடை தளர்ந்து அசைந்தது. மேசைமேல் பாதி குடித்த காப்பியில் ஆவி பறந்தது.

அரைமணி நேரமா? அப்படியென்றால் இவ்வளவு நேரம் இவள் எதற்காகக் காத்திருந்தாள்?

அந்தச் சமயம் பசாரில் மீன், காய்கறி வாங்கிய கூடையோடு உள்ளே வந்தாள் அருளானந்தத்தின் அக்கா அல்போன்சம்மாள். கூடை கையிலிருந்து நழுவியது.

"ஐயோ, பத்து நிமிஷம் முன்னாடிகூட கீழ்வீட்டு போன்லேர்ந்து பசார் கடைக்குக் கூப்பிட்டு எங்கிட்ட பேசுனானே! கெம்புங் மீன் வாங்கிட்டு வான்னு சொன்னானே!"

"கோவிந்தசாமி, பையை எடுங்க," என்றாள் ரஷீதா. ஜெபமாலையை ஒதுக்கிவிட்டு நெஞ்சில் இரண்டு கைகளையும் ஊன்றி அழுத்தத் தொடங்கினாள். கோவிந்தசாமி காற்றுப் பையை முகத்தில் வைத்துப் பிடித்தார்.

ஐந்தாவது அழுத்தத்தில் விலா எலும்பு ஒன்று முறிந்தது. பிரிஜட் அவள் தோளைப் பற்றி இழுத்தாள்.

"விட்டுடுங்க மிஸ்ஸி! அவரு அண்ணன் ட்யூபோட ஆறு மாசம் கெடந்ததைப் பார்த்துட்டு எங்கிட்ட சத்தியம் வாங்குனாரு. திரு இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால!"

"எனக்குத் தெரியாம என்ன சத்தியம்?" அல்போன்சம்மாள் கத்தினாள். "வீட்டுப் பத்திரத்துல இவ பேரைச் சேர்த்து மூணு மாசம்தான் ஆவுது மிஸ்ஸி. அதையும் கேட்டுக்குங்க!"

ரஷீதா அழுத்துவதை நிறுத்தவில்லை. "அப்புறம் எதுக்கு எங்களைக் கூப்பிட்டீங்க?"

பிரிஜட் பார்வையைச் சுவரில் இருந்த படத்துக்குத் திருப்பினாள். ரஷீதாவின் சந்தேகத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

"தூக்கிடலாமா?" என்றார் கோவிந்தசாமி.

"ரெண்டு மாடிப் படி. எறங்கும்போது அமுக்க முடியாது. இங்கேயே."

ஒருவேளை சத்தியம் உண்மையாக இருந்தால்? அப்படியானால் தான் செய்வது அந்த மனிதருக்கு இழைக்கும் கொடுமை. பொய்யாக இருந்தால், கையை எடுப்பது கொலைக்குத் துணை போவது. முதல் தவறென்றால் அவர் பிழைத்து வந்து அவளைத் திட்டலாம். இரண்டாவதில் திட்டுவதற்கு ஆள் இருக்காது. ரஷீதா எண்ணிக்கொண்டே அழுத்தினாள்.

மூன்றாவது நிமிடம் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தபோது ஏதோ தட்டியது. மறுபடியும் தட்டியது.

பிரிஜட் சுவரோரம் சரிந்து வாயைப் பொத்திக்கொண்டாள். மகிழ்ச்சியா, பயமா, ரஷீதாவுக்குத் தெரியவில்லை. படியிறங்கும்போது ஆக்சிஜன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ள வந்த பிரிஜட்டிடமிருந்து அதை ரஷீதா வெடுக்கென்று பிடுங்கி அல்போன்சம்மாளிடம் கொடுத்தாள்.

பன்னிரண்டு நாள் கழித்து, விடுப்பு நாளில் ரஷீதா வார்டுக்குப் போனாள். அருளானந்தத்திடம் தனியாக ஒரு கேள்வி கேட்கவேண்டும். ஆனால் பிரிஜட் கட்டிலருகே உட்கார்ந்து அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"நீதான் என் எலும்பை ஒடைச்ச புள்ளையா?" என்றார் அவர்.

"ஆமா அங்கிள்."

"இவ விட்டுடச் சொல்லலை?"

"சொன்னாங்க. நான் நம்பலை."

"நல்லா இருக்கு! எங்கண்ணன் பட்டதே போதும்னுதான் சத்தியம் வாங்குனேன்." மனைவி பக்கம் திரும்பினார். "நீ எதுக்கு போன் பண்ணுனே?"

"காப்பியை வச்சிட்டு அப்படியே சரிஞ்சீங்க. கத்திக்கிட்டே கீழ்வீட்டுக்கு ஓடி நம்பரைச் சுத்திட்டேன். மேல வந்து அந்தப் படத்தைப் பார்த்தப்பதான் சத்தியம் ஞாபகம் வந்துச்சு. வர்றவங்களை எப்படித் திருப்பி அனுப்புறது? அதான் அரைமணின்னு பொய் சொன்னேன்."

ரஷீதாவின் முகம் சுட்டது. "அக்கா, நான் உங்களை..."

"தெரியும் மிஸ்ஸி. நாத்தனாரு இன்னும் எங்கூடப் பேசலை. நீங்களாவது வந்தீங்க."

"அடுத்த தடவை இவ சொன்னா கேப்பியா?" அருளானந்தம் விடவில்லை.

"மாட்டேன் அங்கிள். நாலு நிமிஷத்துல ஒரு வீட்டுக்குள்ள யாரை நம்புறது? டாக்டர்கிட்ட நீங்களே பேசி எழுதி வையுங்க."

"சரிதான். அதுவரைக்கும் பிரிஜட், இன்னொரு தரம் எனக்கு..."

பிரிஜட் கரண்டியை அவர் வாயில் வைத்துப் பேச்சை அடைத்தாள்.

"போதும்லா. இனிமே உங்களுக்கு எந்தச் சத்தியமும் பண்ண மாட்டேன். குடிங்க, ஆறுது."