மொரெட்டோ குடும்பத்தின் தொழில்

வன்னியில் போர் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி அறிவித்த வாரத்தில் றெஜினாவுக்கு இத்தாலியிலிருந்து தடித்த உறையொன்று வந்தது. உள்ளே ஞானஸ்நானப் பதிவுகளின் நிழற்படிகள் இருந்தன. வட இத்தாலிய மலையடிவாரக் கிராமம் ஒன்றின் பங்குக் குருவானவர், குளிர்காலம் முழுவதும் அவள் எழுதிய கடிதங்களுக்குப் பொறுமையாகப் பதிலெழுதி, கடைசியில் தேடியதைக் கண்டெடுத்து அனுப்பியிருந்தார்.

தேடச் சொன்னவர் பரமானந்தம். டென்மார்க்கின் வைலே நகரத் தமிழர்களின் சங்கத்துக்குப் பல காலம் தலைவராக இருந்தவர். அவருடைய மகள் விஜிதா, மார்டின் மொரெட்டோ என்ற டேனிஷ் இளைஞனை மணக்கவிருந்தாள். மார்டினின் முன்னோர் ஒருவர் நூறாண்டுக்கு முன்னர் கோப்பன்ஹேகனுக்கு வந்து, பெரிய கட்டடங்களின் தளங்களில் பளிங்குத் துண்டுகள் பதித்தார் என்பது மட்டுமே அந்தக் குடும்பத்துக்குத் தெரியும்.

“கலியாணத்துக்குப் பரிசாக் குடுப்பம், தங்கச்சி. டேனிஷ்காரர் உப்பிடி வம்சப் படங்கள் எண்டால் விரும்புவினம்,” என்று பரமானந்தம் சொன்னபோது றெஜினா நம்பினாள். வைலேத் தமிழரில் இத்தாலி மொழி வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இங்கே முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்வதற்கு முன்னர் பலெர்மோவில் ஒரு பணக்காரக் கிழவியைப் பராமரித்து, அவளுடைய வசவுகளிலிருந்து அந்த மொழியைக் கற்றிருந்தாள்.

தேடல் எளிதாக இருக்கவில்லை. அந்தக் கிராமத்தில் பாதிப் பேருக்கு மொரெட்டோ என்பதே குடும்பப் பெயர். ஒரே தலைமுறையில் பல லூயிஜி மொரெட்டோக்கள் பிறந்திருந்தார்கள். ஆகவே குருவானவர்கள் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வீட்டின் பட்டப்பெயரையும் எழுதிவைத்தார்கள்: கிணற்றடியார், நொண்டிக் கழுதையார், மேல்வீட்டார். றெஜினாவுக்கு இது விநோதமாகத் தோன்றவில்லை. அவள் பிறந்த மீனவக் கடற்கரையில் நான்கு அந்தோனிப்பிள்ளைகளை ஊர் இப்படித்தான் பிரித்தறிந்தது. கோப்பன்ஹேகனுக்கு வந்த லூயிஜி, மேல்வீட்டு மொரெட்டோ. அந்தப் பட்டப்பெயரைப் பிடித்துக்கொண்டு அவனுடைய தகப்பன் ஜாக்கொமோவை அடைந்தபோது அவள் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தாள்களை எடுத்துக்கொண்டு போனாள். பரமானந்தத்தின் வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. முள்வேலி, வெள்ளைக் கூடாரங்கள். அவருடைய தங்கை தங்கமலர் வன்னியில் அகப்பட்டிருந்தாள். பல வாரங்களாகத் தகவல் இல்லை. இன்றைக்கு இது வேண்டாமே என்று றெஜினா திரும்பிப் போக எண்ணியபோது அவரே தாள்களுக்காகக் கையை நீட்டினார்.

“இது ஜாக்கொமோவின்ரை பேர், அண்ணை. இது அவற்றை மனிசியின்ரை...”

“பேர் கிடக்கட்டும். என்ன தொழில்?”

“மகன் லூயிஜி தளம் பதிக்கிறவர். ஜாக்கொமோ ஊர்ச்சபையிலை வேலை செய்தவர்.”

“என்ன, கிளாக்கரோ?”

“இல்லை. சவக்காலையிலை குழி வெட்டிறவர்.”

பரமானந்தம் தாளிலிருந்து விரல்களை எடுத்தார். எடுத்தவற்றை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். செய்கிறோம் என்று தெரியாமலே செய்தார்; றெஜினா அதைப் பார்த்தாள்.

“அங்கை அது பிறப்பாலை வாறதில்லை, அண்ணை. ஊர்ச்சபை ஆரைக் கேக்குதோ அவர் செய்வார். இவற்றை தகப்பன் ஆடு வளத்தவர். பிள்ளையள் ஒருத்தரும் மண்வெட்டி தொடேல்லை.”

“செய்தவன் செய்தவன்தானே.” அவர் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். “நீங்கள் ஒரு வேலை செய்யுங்கோ. தமிழிலை வடிவா ஒரு படம் கீறி, அந்த இடத்திலை காணி வைச்சிருந்த கமக்காரன் எண்டு போட்டுவிடுங்கோ. லண்டனிலையிருந்து மச்சான் வருவார். முதல் கேள்வி அதாத்தான் இருக்கும்.”

“டேனிஷ்காரருக்குப் பரிசெண்டெல்லோ சொன்னனீங்கள்?”

“அவைக்கும்தான்.”

“அப்பிடியெண்டால் கோப்பன்ஹேகனிலை மொழிபெயர்க்கிற ஆக்களிட்டைக் குடுத்திருக்கலாமே. ஏன் என்னட்டைத் தந்தனீங்கள்?”

பரமானந்தத்தின் குரலில் கடுமை சிறிதும் இல்லை. நம்பிக்கைக்குரிய ஒருத்தியைப் பாராட்டும் தொனியே இருந்தது. “வெளியிலை குடுத்தால் கதை பரவும், தங்கச்சி. நீங்கள் எண்டால் பயமில்லை. உங்கடை ஆக்கள் சொல்லிற கதையை எங்கடை பக்கத்திலை ஆர் எடுக்கப்போகினம்?”

முதியோர் இல்லத்தில் மனித உடல் வெளியேற்றும் எதையும் முகம் சுழிக்காமல் துடைப்பவள் றெஜினா. அன்று அந்தச் சுத்தமான வரவேற்பறையில், எலுமிச்சை மணம் வீசும் மேசையருகே, அவள் முகத்தைச் சுழித்தாள். இந்தத் தேடலுக்காகத் தான் செலவழித்த மாலைகளை நினைத்தபோது அருவருப்பு இன்னும் கூடியது. நூறாண்டுக்கு முன் இறந்த ஒரு மனிதனை அவன் கல்லறையிலிருந்து கிளப்பிக்கொண்டுவந்து இவர் முன்னால் விசாரணைக்கு நிறுத்தியவள் அவள்தான்.

“நான் மாத்தி எழுதமாட்டன், அண்ணை,” என்று சொல்லிவிட்டுத் தாள்களை அடுக்கிக்கொண்டு புறப்பட்டாள்.

யாருடைய முன்னோரோ அவர்களுக்குத்தான் தாள்கள் உரியவை. அடுத்த நாள் வைலே நிலையத்தில், ஓகூஸ் நகரிலிருந்து வந்த ரயிலை விட்டு இறங்கிய விஜிதாவிடம் அவற்றைக் கொடுத்தாள். டென்மார்க்கில் பிறந்த விஜிதாவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஆனால் யார் தமிழில் கேட்டாலும் டேனிஷில்தான் பதில் சொல்வாள். ஜாக்கொமோவின் தொழிலை வாசித்தாள். அப்பா பார்த்தாரா என்று கேட்டாள்.

“பாத்தவர்.”

விஜிதா தாள்களை மடித்தாள். பள்ளிக்கூடக் காலத்தில் தன்னுடைய தமிழ்த் தோழிகளின் தகப்பன்மாருக்கு எந்த ஊர், எந்தக் கோயிலடி என்று அப்பா விசாரித்துவிட்டுத்தான் அவர்களுடன் விளையாட விடுவார் என்றாள். டேனிஷ்காரனைக் கட்டினால் அந்தக் கேள்வி எழாது என்று நினைத்திருந்தாளாம். கடைசி வசனத்தை மட்டும் தமிழில் சொன்னாள்:

“அப்பா என்ரை கையைப் பிடிச்சுக் குடுக்கோணும், அன்ரி. எனக்கு அது வேணும்.”

அந்த வாரக் கடைசியில் முகாமிலிருந்து தொலைபேசி வந்தது. தங்கமலர் இறந்துவிட்டாள்.

செத்த வீட்டுக்குப் போகாமல் விடுவது றெஜினாவின் பழக்கமல்ல. போனாள். சடலம் இல்லாத வீட்டில் சட்டமிட்ட படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. வருகிற ஒவ்வொருவருக்கும் பரமானந்தம் நடந்ததைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். ஷெல் விழுந்து தங்கமலர் அந்த இடத்திலேயே இறந்தாள். தங்கமலரின் கணவருக்குக் காலில் காயம், எழும்ப முடியவில்லை. சனம் அவர்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. யாரென்று தெரியாத ஒருவர் நின்று, தகரத் துண்டொன்றால் மணலைக் கிண்டி, அவளைக் கிடத்தி, மூடிவிட்டுப் போனார்.

“அந்த மனிசன் நிண்டிராட்டில் என்ரை தங்கச்சி வெளியிலை கிடந்திருப்பாள். அவர் தெய்வம்,” என்று சொல்லும்போது பரமானந்தத்தின் குரல் உடைந்தது.

மார்டினும் அவனுடைய தகப்பன் பெண்ட் மொரெட்டோவும் வெள்ளைப் பூக்களுடன் வந்தார்கள். நடந்ததை விஜிதா அவர்களுக்கு டேனிஷில் சொன்னாள். பெண்ட் படத்துக்கு முன்னால் பூக்களை வைத்தார். பிறகு பரமானந்தத்தின் கையைத் தம் இரு கைகளாலும் பற்றிக்கொண்டு மெதுவாகப் பேசினார். தம்முடைய பூட்டனார் சவக்குழி வெட்டியவர் என்பதை இந்த வாரம்தான் அறிந்துகொண்டதாகச் சொன்னார். கொள்ளைநோய் வந்த காலத்தில், பெற்றவர்களே தொட அஞ்சிய பிள்ளைகளை அவர் தூக்கிச் சென்று அடக்கம் செய்தார் என்று குருவானவர் எழுதியிருக்கிறாராம். உங்கள் தங்கைக்காக நின்ற மனிதரைப் பற்றிக் கேட்டபோது அவரை நினைத்தேன் என்றார்.

லண்டனிலிருந்து வந்திருந்த மச்சான் இராசரத்தினத்துக்கு டேனிஷ் தெரியாது. “சம்பந்தி என்னவாம்?” என்று கேட்டார்.

“அவற்றை பூட்டன் அங்கை கோயில் தர்மகர்த்தாவாம்,” என்றார் பரமானந்தம். அவருடைய கை இன்னும் பெண்டின் கைகளுக்குள் இருந்தது.

“அப்ப நல்ல இடம்தான்,” என்றார் இராசரத்தினம்.

அறையில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் வைலேக்காரர்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக டேனிஷில் வேலை செய்து, டேனிஷில் திட்டு வாங்கி, டேனிஷில் வீட்டுக்கடன் எடுத்தவர்கள். பெண்ட் சொன்னது ஒவ்வொருவருக்கும் விளங்கியது. ஒருவர் கைத்தொலைபேசியை எடுத்தார். இன்னொருவர் கம்பளத்தை ஆராய்ந்தார். பொய்யைத் திருத்துவதற்கு யாருக்கும் வாய் வரவில்லை. பரமானந்தம் ஒருவரைப் பற்றியே இதுவரை இருந்த அருவருப்பு, றெஜினாவுக்கு இப்போது சுவரோரம் முழுவதும் பரவியது. தன்னையும் அதில் சேர்த்துக்கொண்டாள். அவளும் வாய் திறக்கவில்லை.

குசினி வாசலில் தேநீர்த் தட்டுடன் நின்ற விஜிதா தமிழில் பேசினாள்.

“அப்பா பொய் சொல்லுறார், மாமா. அவையின்ரை பூட்டன் சவம் தாட்டவர். அத்தையைத் தாட்ட மனிசனைப் போலை.”

இராசரத்தினம் பெண்டை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு மச்சான் பக்கம் திரும்பினார். “பரமானந்தம், இது தங்கச்சி செத்த வீடு. தீட்டுத் துடக்கு. வருஷம் திரும்பாமல் இஞ்சை ஒரு நல்ல காரியமும் கதைக்கேலாது.”

“ஓம், மச்சான். நானும் அதைத்தான் யோசிச்சனான்.” பரமானந்தத்தின் கன்னத்தில் ஈரம் காயவில்லை. “அந்தரிச்சுச் செத்தவள். ஒரு வருஷம் போகட்டும். பிறகு பாப்பம்.”

கலியாணத்தைத் தள்ளிப்போட, செத்த தங்கமலருக்கும் அவர் ஒரு வேலை கண்டுபிடித்துவிட்டார் என்று றெஜினா நினைத்தாள். என்ன சொல்லப்பட்டது என்று பெண்ட் மகனைக் கேட்டார். மார்டின் விஜிதாவைப் பார்த்தான். விஜிதா தட்டை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். றெஜினா அவளைத் தொடர்ந்தாள்.

“நகரசபையிலை கலியாணம் முடிக்கப்போறம், அன்ரி. வாற மாதமே,” என்றாள் விஜிதா. “சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும். ஒராள் மார்டினின்ரை அக்கா.”

“மற்றது நான்.”

“கையைப் பிடிச்சுக் குடுக்க அப்பாவைக் கேக்கிறேல்லை எண்டு முடிவெடுத்திட்டன்.” அவள் குழாயைத் திறந்து, கழுவுவதற்கு எதுவும் இல்லாமல் கைகளை நீரில் வைத்திருந்தாள்.

பரமானந்தம் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். “தங்கச்சி, நீங்கள் ஒருக்கா இவளுக்கு எடுத்துச் சொல்லுங்கோ. ஒரு வருஷம்தானே.”

“நான் சாட்சிக் கையெழுத்துப் போடப்போறன், அண்ணை.”

அவர் மகளின் முதுகைப் பார்த்தார். திரும்புவாள் என்று காத்திருந்தார். அவள் திரும்பவில்லை.

“மெதுவாக் கதையுங்கோ. ஆக்கள் இருக்கினம்,” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

வரவேற்பறைக்குப் புதிதாக யாரோ வந்திருந்தார்கள். பரமானந்தம் அவர்களுக்குத் தங்கமலரின் கதையை மறுபடியும் தொடக்கத்திலிருந்து சொன்னார். தகரத் துண்டுடன் அந்த மனிதர் நின்ற இடம் வந்ததும் அவருடைய குரல் மறுபடி உடைந்தது. அந்த அழுகை உண்மையானது. றெஜினாவால் தாங்க முடியாமல் இருந்தது அதைத்தான்.